புதுப்பிப்பு: மாடிப்படி கைப்பிடியின் ஆட்டம் நின்றுவிட்டது
நானே வெல்டிங் செய்த மாடிப்படி கைப்பிடியின் கீழ்த்தூண் ஆடுகிறது என்று போன பதிவில் புலம்பியிருந்தேன் இல்லையா, அது சரியாகிவிட்டது. குற்றம் தூணில் இல்லை. தூணைத் தரையோடு பொருத்தும் அடித்தகட்டின் போல்ட்டுகள் கான்கிரீட்டைத் தொடவே இல்லை, டைல்ஸும் அதன் கீழிருந்த கலவையும்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. நீளமான போல்ட் போட்டு இறுக்கியதும் தோளைக் கொடுத்துத் தள்ளினாலும் அசையவில்லை.

அப்புறம், கம்பிகளுக்கு நடுவே 5 அங்குலம் விட்டால் குழந்தையின் தலை நுழையும் என்று அந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னது நியாயம்தான், எல்லாவற்றையும் அறுத்து 4 அங்குலத்துக்குள் கொண்டுவந்தேன் (அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்காதீர்கள்). இந்தத் தடவை முதலில் எல்லா மூட்டிலும் டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, பிறகு இடம் மாற்றி மாற்றி முழுதாகப் பற்றவைத்ததில் சூட்டில் சட்டம் வளையவில்லை. மேல் வளைவில் கிரைண்டிங் பாக்கி, அது முடிந்ததும் பிரைமர்.