விசிறியைச் சூழும் தகட்டுக்கு என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

சென்னையிலிருந்து:
அன்புடையீர், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றுக்குளிர்வு எஞ்சினைக் கூடுதல் ஆற்றலுக்கு மாற்றியமைப்பது பற்றிய நூலை மொழிபெயர்க்கிறேன். விசிறியை மூடி, அது தள்ளும் காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் கொண்டுசேர்க்கும் தகட்டு அமைப்புக்கு ஒரு சொல் தாருங்கள். ‘போர்வை’ என்று எழுதினால் எஞ்சினுக்குக் குளிரடிக்கிறதா என்று கேட்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
‘கவவு அகத்திடுமே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அகத்திட்டுக் காப்பது கவவு. ‘விசிறிக்கவவு’ என்க. கையில் இருப்பதை விட்டுப் புதிதாக எதற்கு ஆக்க வேண்டும்?

கோவையிலிருந்து:
ஐயா, கவவு கேட்டால் உதிரிபாகக் கடையில் யாரும் எதையும் எடுத்துத் தரமாட்டார்கள். பணிமனையில் இது ‘ஃபேன் கவர்’. அதோடு, இது வெறும் மூடியன்று. பீட்டிலின் பழைய அமைப்பில் எண்ணெய்க் குளிர்விப்பான் இதற்குள்ளேயே நிற்கும். அதன் கீழுள்ள 3ஆம் சிலிண்டருக்குச் சூடேறிய காற்றுதான் மிச்சம். 1971 மாடலில் குளிர்விப்பானைத் தனி அறைக்கு ஒதுக்கி, விசிறியையும் அகலமாக்கினார்கள். ஆற்றல் கூட்டிய எஞ்சினுக்கு அந்த இணையைத்தான் நான் பூட்டுவேன். குரோம் பளபளப்பில் மயங்கி மலிவானதை வாங்கினால் பலவற்றில் உள்ளே காற்றைத் திருப்பும் தகடுகளே இருக்காது.

மதுரையிலிருந்து:
‘கவர்’ ஆங்கிலம் என்று யார் சொன்னது? கவர்தல் என்றால் கிளையாகப் பிரிதலும்தான். கவர்வழி, கவர்கோல் இல்லையா? காற்றை இடமும் வலமுமாகப் பிரிப்பது கவரே. அது வேண்டாமென்றால், குழாயைக் குறிக்கும் ‘தூம்பு’ இருக்கிறது. மலைபடுகடாத்தில் யானையின் உயிர்ப்புப்போல் ஒலிக்கும் தூம்பு வருகிறதே!

தஞ்சாவூரிலிருந்து:
அப்படியானால் சாலையில் ஓடும் ‘கார்’ மேகமா? தூம்பு இன்று சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மீட்டபின் பேசுவோம்.

திருச்சியிலிருந்து:
பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ‘விசிறிக்கூடு’. மாணவர்கள் விளக்கம் கேட்க மாட்டார்கள். கோவை ஐயா, பட்டை வழியே விசிறியைச் சுழற்றும் கிராங்க் கப்பியைச் சிறியதாகப் போடுவது சரியா?

கோவையிலிருந்து:
பந்தயத்துக்குச் சரி அம்மா. விசிறியின் வேகம் 20 சதவீதம் கூடினால் காற்றும் அதே அளவு கூடும்; அது விழுங்கும் ஆற்றலோ ஏறக்குறைய 73 சதவீதம் கூடும். அதற்காகத்தான் சிறிய கப்பி போட்டு விசிறியை மெதுவாக்குகிறார்கள். அதே வண்டியை மே மாத வெயிலில் நெரிசலில் நிறுத்தினால் எஞ்சின் வெந்துவிடும். கூடு எனக்குச் சம்மதம்.

சென்னையிலிருந்து:
நாளை வெள்ளி. ‘விசிறிக்கூடு’ என்றே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஃபேன் கவர்’ என்றும் சேர்த்துவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
கூடு பறவைக்கு. என் மறுப்பு நிற்கிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்குத் ‘துடுப்பு’ என்று எழுதியிருப்பீர்களே? படகா ஓட்டுகிறோம்? ‘செதில்’ என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.