புதுப்பிப்பு: மண் அத்தர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்

வேலூர் பஜாரில் வாங்கிய மூன்று அத்தர்களில் மண் அத்தர் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை, காசு தண்டம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதில் பாதி வாபஸ். இந்த வெயிலில் வியர்த்த மணிக்கட்டில் தடவியதுதான் தப்பு. குளித்துத் துடைத்ததும் காதுக்குப் பின்னால் ஒரே சொட்டு வைத்தால் மதியம் வரை இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்த அத்தருக்குச் சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். அதனால் முதலில் தண்ணீர் தெளித்த வாசல் மணம், அப்புறம் சந்தனம். (என் குப்பியில் இருப்பது அசல் சந்தனமா? விலையைப் பார்த்தால் இருக்காது.)

வெட்டிவேர் ஜோர். பஞ்சில் தொட்டுக் காது மடலில் செருகினேன், சாயங்காலம் கோட்டை அகழியோரம் நடக்கும்போதும் லேசாக வந்தது. தாழம்பூ எனக்குத் தலைவலி, அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சட்டைக் காலரில் பட்ட எண்ணெய்க் கறைதான் இன்னும் போகவில்லை.