யு/ஏ 16+ படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கினு போனா யார் பொறுப்பு?

சத்துவாச்சாரி சுமதி:
கிரைம் திரில்லர் பத்தின இழையில ராஜன் சார் எழுதியிருக்கார்: "யு/ஏ 16+ படத்துக்குச் சின்னப் பசங்களை தியேட்டர்காரனே விடக்கூடாது. விட்டுட்டான்னா பார்க்கலாம்னு அர்த்தம்." இதை நம்பி எத்தனை பேர் எட்டு வயசுப் பிள்ளையோட போய் உட்காருவாங்க! வாசல்லயே தடுக்க வேண்டியது ஏ படத்துக்கு மட்டும்தான். 18 ஆகலன்னா அப்பா அம்மா கூட வந்தாலும் விடக்கூடாது. யு/ஏ-ல வர்ற 7+, 13+, 16+ மூணும் பெத்தவங்களுக்கு எச்சரிக்கை. அதைப் பெத்தவங்க, காப்பாளர் தவிர வேற யாரும் அமல்படுத்த முடியாதுன்னு திரைப்படச் சட்டத்துக்கு 2023ல வந்த திருத்தமே சொல்லுது.

தோட்டப்பாளையம் ராஜன்:
16னு நம்பர் போட்டிருக்கு மேடம். நம்பர் போட்டா அது விதி. 1983லேர்ந்து யு/ஏ இருக்கு, அப்ப நம்பர் கிடையாது. இப்ப எதுக்குப் போட்டாங்க? தடுக்கத்தான்.

ஆம்பூர் ரஃபி:
தியேட்டரை விடுங்க. வீட்டு டிவியில ஓடறதுக்கு இன்னா பண்றது? நெட்ஃபிளிக்ஸ்ல பசங்களுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுட்டு, பெரியவங்க ப்ரொஃபைலைப் பூட்டாம வுட்டுடறாங்க. பையன் அதுக்குள்ள பூந்துடறான். பெரியவங்க ப்ரொஃபைல் ஒவ்வொண்ணுக்கும் நாலு இலக்க பின் போடணும், பிறந்த வருஷத்தைப் போடக்கூடாது. பசங்க ப்ரொஃபைல்ல வயசு வரம்பு வெச்சாலும், குறிப்பிட்ட ஒரு படத்தைப் பேர் போட்டுத் தனியா மறைக்கலாம். முன்னோட்டம் தானா ஓடறதையும் நிறுத்துங்க, ரத்தம் மொதல்ல அங்கதான் கண்ணுல படுது.

சத்துவாச்சாரி சுமதி:
ரஃபி பாய் சொல்றது சரி. இன்னொண்ணு, தியேட்டருக்காக வெட்டின காட்சி ஓடிடியில திரும்ப வரலாம். அதனால தியேட்டர் சான்றிதழை வெச்சு வீட்ல முடிவு பண்ணாதீங்க. ஓடிடிக்கு 2021ல வந்த தகவல் தொழில்நுட்ப விதி தனி. வயசோட, படத்துல என்ன இருக்குன்னும் போடணும், 13+லேர்ந்து மேல எல்லாத்துக்கும் பூட்டு வசதி தரணும். ஆனா "வன்முறை"ன்னு ஒரு வார்த்தை போட்டா பத்தாது. பலியாகறது யாருன்னு பாருங்க. குழந்தைக் கடத்தல், வீட்டுக்குள்ள புகுந்து அம்மாவைக் கொல்றது இதெல்லாம் துப்பாக்கிச் சண்டையை விட எட்டு வயசுக்காரனை அதிகமா உலுக்கும், தன் வீட்லயும் நடக்கும்னு நினைப்பான். கேமரா காயத்துமேலயே நிக்குதா, நகர்ந்துடுதா? பாலியல் வன்கொடுமை, தற்கொலை உண்டா? அடிக்கிறவன் ரசிச்சு அடிக்கிறானா, அதுக்குக் கைதட்டல் இசை போடறாங்களா? பதிமூணு, பதினாலு வயசுக்கு ரத்தத்தை விட அதுதான் கெடுதல். முழுப்படம் பார்க்க நேரமில்லன்னா முதல் 15 நிமிஷம், இடைவேளைக்கு அப்புறம் வர்ற ஃப்ளாஷ்பேக், கடைசி அரை மணி நேரம். கொடூரம் பெரும்பாலும் இந்த மூணு இடத்துலதான் இருக்கும். டிரெய்லரை நம்பாதீங்க, அதுக்குச் சான்றிதழே தனி.

தோட்டப்பாளையம் ராஜன்:
இவ்ளோ பேசறீங்க, நம்பருக்குப் பதில் வரல. 16ன்னா 16. பிரியாணி இழையிலயும் இப்படித்தான் பத்தி பத்தியா எழுதி எங்க ஆற்காடு பிரியாணியை மட்டம் தட்டினீங்க.

ஆம்பூர் ரஃபி:
அதை ஏன் இங்க இழுக்கறீங்க? ஆம்பூர் பிரியாணிக்கு ஈடு ஏதுபா?

தோட்டப்பாளையம் ராஜன்:
2019லயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்ட்டீங்க பாய். வேலூர் இழையில உங்களுக்கு என்ன வேலை?

ஆம்பூர் ரஃபி:
மாவட்டத்தைப் பிரிச்சா வட ஆற்காட்டுக்காரன் இல்லன்னு ஆய்டுமா? உங்க ஆற்காடும் அப்பவே ராணிப்பேட்டைக்குப் போய்டுச்சு, பார்த்துக்கோங்க.

குடியாத்தம் செல்வி:
ரெண்டு பேரும் வுடுங்க. வீட்ல ஒன்பதாவது படிக்கிறவனும் மூணாவது படிக்கிறவளும் இருந்தா, யாரை வெச்சு முடிவு பண்றது?

சத்துவாச்சாரி சுமதி:
சின்னவளை வெச்சுத்தான் செல்வி. பெரியவனுக்கு அவ தூங்கினப்புறம் போடுங்க, சத்தத்தைக் குறைச்சு. அலறல் சுவரைத் தாண்டிக் கேட்கும், படம் தெரியாம சத்தம் மட்டும் கேட்டா பயம் கூடும். ராஜன் சார், 16+க்கு வாசல்ல தடுக்கணும்னு எந்த விதியில இருக்கு? எடுத்துப் போடுங்க.

தோட்டப்பாளையம் ராஜன்:
திரையில பெருசா போடறாங்களே 16னு, அதுக்கு மேல என்ன விதி வேணும்?

சத்துவாச்சாரி சுமதி:
அது உங்களுக்குப் போடறது சார், டிக்கெட் கிழிக்கிறவருக்கு இல்ல. மூணாவது தடவை சொல்றேன்.

தோட்டப்பாளையம் ராஜன்:
முப்பது தடவை சொன்னாலும் 16, 16தான்.