டியூஷன்ல வலிப்பு வந்தா: நம்ம தெரு வாட்ஸ்அப் குழுவுல பேசினது

மாலா டியூஷன்: கவிதா அக்கா பொண்ணு திங்கள்கிழமையில இருந்து டியூஷனுக்கு வருது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுற பிள்ளை. பையில மூக்குல அடிக்கிற ஸ்பிரே ஒண்ணும் இருக்கும்னாங்க. சாந்தி சிஸ்டர், திடீர்னு வந்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

கவிதா: குரூப்லயே கேக்கச் சொன்னது நான்தான் சிஸ்டர். தெருவுல விளையாடுற பிள்ளை, எல்லாருக்கும் தெரியட்டும். 9 வயசு, 24 கிலோ.

சாந்தி சிஸ்டர்: நல்லது கவிதா. மாலா, முதல் வேலை மணி பாக்குறது. பெரும்பாலும் 1–3 நிமிஷத்துல தானா நின்னுடும். பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அரை மணி நேரம் ஆன மாதிரி தெரியும், அதனால செல்லுல நேரம் ஓட விட்டுடு.

சாந்தி சிஸ்டர்: பெஞ்ச், காம்பஸ் பாக்ஸ் எல்லாத்தையும் தள்ளி வை. தலைக்கடியில துப்பட்டாவ மடிச்சு வை, கழுத்து பட்டனைத் தளர்த்து. கை காலை அமுக்கிப் பிடிக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிடும். துடிப்பு அடங்கினதும் ஒருக்களிச்சுப் படுக்க வை. உன் பக்கத்துக் கையை நீட்டிவிட்டு, எதிர்ப் பக்கத்து முழங்காலை மடக்கி, அதே எதிர்ப் பக்கத்துத் தோளையும் முட்டியையும் சேத்து உன் பக்கமா இழு. வாய் தரையைப் பாத்த மாதிரி இருந்தா எச்சில், வாந்தி எல்லாம் வெளிய வந்துடும்.

ராமநாதன் மாமா: பல்லுக்கு நடுவுல ஸ்பூன் வைக்க வேண்டாமாம்மா? நாக்கை முழுங்கிட்டா?

சாந்தி சிஸ்டர்: நாக்கை யாராலயும் முழுங்க முடியாது மாமா. கடிபட்டாலும் சில நாள்ல ஆறிடும். ஸ்பூன் வச்சா பல் உடையும், அந்தத் துண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போனா அதுதான் உயிருக்கு ஆபத்து. விரலும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

ராமநாதன் மாமா: சாவிக்கொத்தைக் கையில கொடுத்ததும் நின்னதை நானே பாத்திருக்கேனே?

சாந்தி சிஸ்டர்: சாவியைத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள 2 நிமிஷம் போயிடுது மாமா. அது தானா நிக்கிற நேரமும் அதுதான். கொடுக்காட்டியும் நின்னிருக்கும். விறைச்ச கையில இரும்பைத் திணிச்சா அது அவங்க முகத்துலயே இடிக்கும். வெங்காயம், செருப்பு மோந்து பாக்க வைக்கிறதும் வேண்டாம். கற்பூரம் பக்கத்துலயே போகக் கூடாது. சும்மா இருக்கிற குழந்தை கற்பூரத்தை முழுங்கினாலே வலிப்பு வரும்.

மாலா டியூஷன்: அந்த ஸ்பிரே?

மெடிக்கல்ஸ் குமார்: மிடாசோலம் அது. ஒரு அழுத்துக்கு 0.5 மி.கி., 1.25 மி.கி.ன்னு ரெண்டு அளவுல வருது. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும், தப்பு நடக்குறது அங்கதான். கவிதாக்கா, சீட்டுல எவ்வளவு போட்டிருக்கு?

கவிதா: 1.25. 5 நிமிஷம் தாண்டினா ஒவ்வொரு மூக்குலயும் 2 அழுத்து.

மெடிக்கல்ஸ் குமார்: மொத்தம் 4 அழுத்து, 5 மி.கி. கிலோவுக்கு 0.2 மி.கி. கணக்குல 24 கிலோவுக்கு சரியா வருது. அவசரத்துல வேற கடையில 0.5 பாட்டிலை வாங்கி அதே 4 அழுத்து அடிச்சா 2 மி.கி.தான் உள்ள போகும், வலிப்பு நிக்காது. புது பாட்டில்னா முதல்ல காத்துல சில தடவை அழுத்தி, தூறல் சீரா வருதான்னு பாத்துக்கணும். மூக்கு ஒழுகினா துடைச்சுட்டு அடிக்கணும். பாட்டிலைத் தலைகீழா பிடிச்சா வெறும் காத்துதான் வரும்.

மாலா டியூஷன்: 108 எப்ப கூப்பிடணும்?

சாந்தி சிஸ்டர்: 5 நிமிஷம் தாண்டினா ஸ்பிரே அடிக்கும்போதே இன்னொருத்தரை 108-க்குப் பேசச் சொல்லு. முழுசா நினைவு திரும்புறதுக்குள்ள ரெண்டாவது வந்தாலும், தலையில அடிபட்டாலும், நின்ன பிறகு மூச்சு சரியா இல்லேன்னாலும் காத்திருக்காதே. இது பொதுவா எல்லாருக்கும்: வாழ்க்கையில முதல் தடவை வலிப்பு வந்தவங்க, கர்ப்பிணிங்க, சர்க்கரை உள்ளவங்க, குளம், கிணறு மாதிரி தண்ணிக்குள்ள இருக்கும்போது வந்தவங்கன்னா நேரம் பாக்காம கூப்பிடணும்.

சாந்தி சிஸ்டர்: நின்ன பிறகு பிள்ளை குழப்பமா இருக்கும், தூங்கும். பேர், இடம் கேட்டா தெளிவா சொல்ற வரைக்கும் தண்ணி, சோடா எதுவும் வாயில ஊத்தாதே, புரையேறும். உடுப்பு நனைஞ்சிருக்கலாம். ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டு மத்த பிள்ளைங்களை அடுத்த ரூமுக்கு அனுப்பிடு. அந்தப் பிள்ளை கண்ணு திறக்கும்போது சுத்தி பத்து பேர் நின்னு பாத்துட்டு இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் அது டியூஷனுக்கே வராது.

ராணி அக்கா: கீழ விழுந்து துடிச்சாத்தானே வலிப்பு சிஸ்டர்?

சாந்தி சிஸ்டர்: இல்லக்கா, விழாமலே வர்றது இருக்கு. எழுதிட்டு இருக்கும்போது பேனா அப்படியே நின்னுடும், பார்வை ஒரே இடத்துல நிலைக்கும், இமை லேசா அடிக்கும். 10 நொடியில விட்ட இடத்துலயே தொடரும், ஆனா நடுவுல சொன்ன வரி காதுல விழுந்திருக்காது. ஒரு நாள்ல பல தடவை வரலாம். "கவனமே இல்ல"ன்னு திட்டு வாங்குற பிள்ளைங்கள்ல சிலருக்கு விஷயம் இதுதான். சந்தேகம் வந்தா செல்லுல வீடியோ எடுத்து அம்மாகிட்ட மட்டும் கொடு மாலா. இஇஜி (மூளையோட மின் அலையைப் பதியிற டெஸ்ட்) எடுக்கிற அன்னைக்கு வலிப்பு இல்லேன்னா ரிப்போர்ட் நார்மல்னே வரலாம். டாக்டருக்கு அந்த வீடியோ பெரிய உதவி.

மெடிக்கல்ஸ் குமார்: நல்லா அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்தா, பல நேரம் விட்டுப்போன மாத்திரைதான் காரணம். ஊர்த் திருவிழாவுக்குப் போறவங்க அட்டையை வீட்லயே மறந்துடுவாங்க. ராத்திரி முழுக்கத் தூக்கமும் இருக்காது, ரெண்டும் சேந்தா வந்துடும். காலை 8, ராத்திரி 8ன்னு செல்லுல அலாரம் வச்சுடுங்க. சிரப்னா வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம். லெவெடிரசெட்டம்ங்கிற வலிப்பு சிரப் 1 மி.லி.க்கு 100 மி.கி., அரை மி.லி. கூடினாலும் 50 மி.கி. கூடிடும். பாட்டிலோட வர்ற சிரிஞ்சுலதான் அளக்கணும்.

கவிதா: ஒரு வருஷமா வரவே இல்ல, நிறுத்திடுன்னு மாமியார் சொல்றாங்க குமார்.

மெடிக்கல்ஸ் குமார்: நீங்களா நிறுத்தாதீங்கக்கா. பொதுவா 2 வருஷமாவது வலிப்பு இல்லாம இருந்தாத்தான் டாக்டர் யோசிப்பார். அப்பவும் மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்பார். சட்டுனு விட்டா நிக்காத வலிப்பா வந்து ஐசியூ வரைக்கும் போகும்.

ராணி அக்கா: பொம்பளப் பிள்ளையாச்சே, நாளைக்கு ஒரு கல்யாணம்னு வந்தா பிரச்சினை வராதா? குரூப்ல போட்டுட்டியே கவிதா.

சாந்தி சிஸ்டர்: இந்து திருமணச் சட்டத்துல கல்யாணத்தைச் செல்லாததாக்கக் காரணமா இருந்த வலிப்பை 1999-லயே எடுத்தாச்சுக்கா. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே பிள்ளை பெத்து வளக்குறவங்க எத்தனையோ பேர். வால்ப்ரோயேட் மாதிரி சில மருந்து மட்டும் கருவைப் பாதிக்கும், அதனால கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி மாத்திக்கணும். மறைச்சு கட்டிக் கொடுத்தா அந்தப் பொண்ணு மாத்திரையையும் மறைக்கும். ஆபத்து அங்கதான்.

கவிதா: டாக்டர் சீட்டை லேமினேட் பண்ணி ஸ்பிரேயோட ஒரே பவுச்சுல வச்சுடுறேன் மாலா.

மெடிக்கல்ஸ் குமார்: எடை, பாட்டில் அளவு, காலாவதி மாசம் மூணையும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்கக்கா. எடை ஏறினதும் டாக்டர் அழுத்து எண்ணிக்கையை மாத்துவார், பழைய சீட்டைக் கிழிச்சுப் போட்டுடணும்.

மாலா டியூஷன்: பவுச்சை என் மேஜை மேல் டிராயர்ல வைக்கிறேன், பூட்டு இல்லாதது. அக்கா, திங்கள்கிழமை 5 மணிக்கே கூட்டிட்டு வாங்க, ஒரு தடவை பிரிச்சுக் காட்டிட்டுப் போங்க.