'மேட்வில்லனி' யாருடைய ஆல்பம்? பந்தல்காரர் என்று எழுதியவருக்கு

வியாசர்பாடி வாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "ராப் ஆல்பம் என்றால் பாடுகிறவன்தான் எல்லாம். பீட் அமைப்பவர் பந்தல் போடுகிறவர். கல்யாணம் முடிந்ததும் அவரை யாரும் தேடுவதில்லை" என்கிறார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் 'மேட்வில்லனி'! 2004 மார்ச்சில் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். பாடியவர் எம்.எஃப். டூம், குரலுக்கு அடியில் ஓடும் இசையை, அதாவது பீட்டை, அமைத்தவர் மேட்லிப். 2002இல் பிரேசில் போயிருந்த மேட்லிப், ஓட்டல் அறையில் உட்கார்ந்து, கையில் தூக்கிப்போகும் ரெக்கார்டு பிளேயர், கேசட் டெக், பாட்டுத் துணுக்குகளை வெட்டி எடுத்து மறுபடி ஒலிக்கவைக்கும் எஸ்.பி.-303 என்கிற சின்ன சாம்ப்ளர் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இதன் பல பீட்களைச் செய்தார். அந்த ஊரில் வாங்கிய பழைய இசைத்தட்டுகள் அவர் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அந்த மனிதரா பந்தல்காரர்?

பேசின்பிரிட்ஜ்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், ஓடி ஒளிய மாட்டேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆல்பம் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பாகவே அதன் முடிவடையாத பிரதி இணையத்தில் கசிந்துவிட்டது. பிறகு டூம் குரலை மறுபடியும் பதிவு செய்தார். கசிந்ததில் குரல் உரக்க, துள்ளலாக இருக்கிறது. வெளிவந்ததில் தாழ்ந்து, அவசரமே இல்லாமல் வருகிறது. பீட் பெரும்பாலும் அதேதான். மாறியது குரல். உலகம் கொண்டாடுவது எந்தப் பிரதியை? பதில் சொல்லுங்கள்.

வியாசர்பாடி வாசி:
அந்தக் கசிந்த பிரதியே என் பக்கத்துச் சாட்சி. அதே டூம், அதே வரிகளை உரத்துப் பாடினார், முழுதாக ஒட்டவில்லை. பீட் எந்தக் குரலைக் கேட்டதோ அந்தக் குரலுக்கு அவர் இறங்கி வந்தார். 'அக்கார்டியன்' பாட்டைக் காதில் மாட்டிக் கேளுங்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாது, பல்லவி கிடையாது. டேடலஸ் என்ற கலைஞரின் பாட்டிலிருந்து எடுத்த அந்த அக்கார்டியன் துணுக்கு, மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து இழுத்து வருகிறது. அதன் மேல் எவனாவது கத்த முடியுமா?

பேசின்பிரிட்ஜ்:
கத்த முடியாது என்று தெரிந்துகொண்டது யார்? டூம். மறுபடி பாடியது யார்? டூம். மேட்லிப் மறுபடி பீட் போட்டாரா? தம்பி, சுற்றி வளைக்காமல் பேசுங்கள்.

வியாசர்பாடி வாசி:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. முன்பு இங்கே கானா பற்றிப் பேசியபோதும் உங்களுக்கு இதே தோரணைதான்.

மேட்வில்லனியில் மொத்தம் 22 தடங்கள். 'சிக்ஃபிட்', 'சூப்பர்வில்லன் தீம்' இரண்டிலும் ராப்பே இல்லை. 'ஐ' பாட்டைப் பாடியது ஸ்டேசி எப்ஸ். குவாசிமோட்டோ என்ற பெயரில் கீச்சுக் குரலில் வருவது சாட்சாத் மேட்லிப்தான். டூம் இல்லாத இடங்களிலும் ஆல்பம் தொய்யவில்லை. மேட்லிப் இல்லாத ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

காசிமேட்டுக்காரி:
அண்ணன்மார் இருவரும் டூமே பீட் அமைக்கத் தெரிந்தவர் என்பதை மறந்துவிட்டீர்கள். 1999இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் பெரும்பாலான பீட்கள் அவர் செய்தவை. அப்படிப்பட்டவர் மேட்லிபிடம் போனார் என்றால், தன்னால் ஆகாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம்? நம் பக்கம் 2019இல் வந்த 'தெருக்குரல்' ஆல்பம், ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்தது. இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே வந்தது. அதில் யாரைப் பந்தல்காரர் என்பீர்கள்?

பழைய வண்ணை:
"நம் பக்கம்" என்று எழுதும்போது கவனம் தேவை. அறிவு அரக்கோணத்துக்காரர். வடசென்னை எல்லாவற்றையும் தனதென்று உரிமை கொண்டாடக் கூடாது.

காசிமேட்டுக்காரி:
நம் பக்கம் என்றால் தமிழ்ப் பக்கம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் கச்சேரி செய்தபோது மேடையில் கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. அறிவும் அங்கே பாடினார். ஊர்ப் பட்டாவை எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை.

பழைய வண்ணை:
பட்டா கேட்கவில்லை. அரக்கோணம் என்றேன். அரக்கோணம்தான்.

பேசின்பிரிட்ஜ்:
விஷயம் திசை மாறுகிறது. கசிந்த பிரதிக்கு வாருங்கள். பீட் அதே, குரல் வேறு. இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2014இல் ராப் பாடகர் ஃபிரெடி கிப்ஸுடன் மேட்லிப் செய்த 'பின்யாடா' ஆல்பத்தைக் கேளுங்கள். அதே மேட்லிப். ஆனால் ஆல்பத்தின் குணமே வேறு. பாடுகிறவன் மாறினால் எல்லாம் மாறுகிறது. 2020இல் டூம் இறந்த செய்தி வந்த இரவு நீங்கள் எல்லோரும் பகிர்ந்தது அவர் வரிகளையா, எஸ்.பி.-303ஐயா?

வியாசர்பாடி வாசி:
இறந்தவரைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். டூமின் வரிகள் எனக்கும் மனப்பாடம். ஓர் அடிக்குள்ளேயே மூன்று நான்கு இயைபு வைத்து, பொருளும் கெடாமல் கொண்டுபோகிற அந்த வித்தையை நான் எங்கே மறுத்தேன்? பந்தல்காரர் என்று ஒரு கலைஞனைச் சொன்னதுதான் என்னைச் சுடுகிறது.

எங்கள் தெருவில் சாவு வீட்டுக் கானாவுக்கு விடிய விடிய டோலக் வாசித்தவர் என் மாமா. பாடகர் அடி தவறினால் ஒரு தட்டில் இழுத்து வந்து நிறுத்துவார். அவர் வாசித்த கேசட் வந்தபோது அட்டையில் பாடகர் படம், பாடகர் பெயர். மாமா பெயர் எங்குமே இல்லை. வெளியிட்டவரிடம் போய்க் கேட்டதற்கு, "டோலக் யார் வாசித்தால் என்ன?" என்றார். உங்கள் பந்தல்காரர் வாக்கியத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது.

பேசின்பிரிட்ஜ்:
உங்கள் மாமாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்தக் கணக்கை என் தலையில் எழுதாதீர்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் போய்க் கேளுங்கள், இறந்தவர் பெயரைச் சேர்த்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறவனுக்காகத்தான் கூட்டம் நிற்கும். டோலக் மட்டும் வாசித்தால் யார் அழுவார்கள்?

காசிமேட்டுக்காரி:
டோலக் நின்றுபோன இடத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.

பழைய வண்ணை:
கானாவும் ராப்பும் ஒன்றல்ல. அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

வியாசர்பாடி வாசி:
பேசின்பிரிட்ஜ் அவர்களே, மேட்லிப் இல்லாத தடம் எது என்று கேட்டேன். இன்னும் வரவில்லை.

பேசின்பிரிட்ஜ்:
நான் அதற்கு முன்பே கேட்டேன். கசிந்த பிரதியில் பீட் அதேதானா, இல்லையா? ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள், பிறகு தடம் தடமாக உட்கார்ந்து பேசுவோம்.

வியாசர்பாடி வாசி:
முதலில் பந்தல்காரர் என்பதைத் திரும்பப் பெறுங்கள்.

பேசின்பிரிட்ஜ்:
பெற மாட்டேன்.