புதுப்பிப்பு: ஒட்டி நிற்பவனைக் கிளேவால் வெட்டலாமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014 விதிகள்), ரீச் (கூடுதலாக எட்டும் தூரம்) உள்ள கிளேவை (நீண்ட கம்பின் நுனியில் கத்தி பொருத்திய ஆயுதம்) வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்தில் (ஒரு கட்டம் 5 அடி) நிற்கும் எதிரியைத் தாக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடியும். "முடியாது என்பது 3.5 பதிப்பின் விதி, எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பழைய பதிப்பில் ஆடிப் பழகியவர். புத்தகத்தைத் திறந்து காட்டியதும் ஒப்புக்கொண்டார். ஐந்தாம் பதிப்பில் ரீச் 5 அடியைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். 5 அடியிலும் வெட்டலாம், 10 அடியிலும் வெட்டலாம். லான்ஸுக்கு (குதிரை வீரனின் நீண்ட ஈட்டி) மட்டும் 5 அடிக்குள் டிஸ்அட்வான்டேஜ் (டைஸை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும்).

நான் எதிர்பார்க்காதது வேறு. ஒட்டி நின்ற ஓர்க் ஒரு கட்டம் பின்வாங்கினான். ஆப்பர்சூனிட்டி அட்டாக் (நமக்கு எட்டும் தூரத்தை விட்டு விலகுபவனுக்கு உடனே கொடுக்கும் அடி) என்று டைஸைக் கையில் எடுத்துவிட்டேன். கிடையாது! அவன் இன்னும் என் 10 அடிக்குள்தான் இருக்கிறான்; அந்தக் கட்டத்தையும் விட்டு வெளியேறினால்தான் அடிக்கலாம். கையில் 5 அடி மட்டும் எட்டும் வாள் இருந்திருந்தால் முதல் கட்டத்திலேயே கிடைத்திருக்கும். அப்புறம் நாலாம் லெவலில் போலார்ம் மாஸ்டர் ஃபீட் (நீண்ட கம்பு ஆயுதங்களுக்கான சிறப்புத் திறன்) எடுத்தேன். இப்போது 10 அடிக்குள் கால் வைக்கிறவனுக்கே ஒரு வெட்டு.