காப்ரிச்சோவுக்குத் தமிழ் என்ன?

நண்பர்களே,
கலை வரலாற்றுப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசி பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ரோமில் உள்ள இடத்தை அடையாளம் தெரியும்படி வரைந்தால் ‘வெதூத்தா’. அதற்குக் ‘காட்சிப்படம்’ போதும். இடிபாடுகளை இஷ்டத்துக்குச் சேர்த்து, இல்லாததையும் கட்டி எழுப்பினால் ‘காப்ரிச்சோ’. 1756இல் வந்த ‘ரோமானியத் தொன்மைகள்’ இரண்டாம் தொகுதி முகப்பில் ஆப்பியன் சாலையோரம் கல்லறைகளும் சிலைகளும் மலையாகக் குவிந்திருக்குமே, அந்த வகை. ‘கற்பனைக் கட்டடக் காட்சி’ என்று போட்டிருக்கிறேன். ஒற்றைச் சொல் உண்டா? எட்சிங்கை, அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படத்தை, ‘அரிப்போவியம்’ என்றதற்கு, மெய்ப்புப் பார்த்தவர் என்ன தைலம் தடவுவது என்று கேட்கிறார்.

——

அம்மா,
இல்பொருள் உவமை இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்? ‘இல்பொருட்காட்சி’. முடிந்தது.

——

> இல்பொருட்காட்சி

ஐயா, பொருந்தவில்லை. இத்தாலிய ஓவியர் பானினியின் ஓவியங்களில் ரோமின் பாந்தியன், கொலோசியம், டிராஜன் தூண் எல்லாம் உள்பொருள்களே. வெவ்வேறு மூலையில் நிற்பவற்றை ஒரே திடலுக்குக் கூட்டி வந்தார், அவ்வளவுதான்.

——

பொன்னும் உள்பொருள், மழையும் உள்பொருள். ‘பொன்மழை’தானே இல்பொருள்? அந்தக் கூட்டு உலகில் இல்லாதது என்றால் போதும். பிரனேசியோ 1743இல், இருபத்திரண்டு வயதில் வெளியிட்ட முதல் தொகுப்பில் கட்டடங்களையே புதிதாகப் படைத்தார். பழைய ரோமானியர் கட்டியதுபோல் இன்று கட்டுவிக்க ஆளில்லை, வரைந்தாவது காட்டுகிறேன் என்ற பொருளில் முன்னுரையும் எழுதினார். என் சொல் இரண்டையும் தாங்கும்.
எட்சிங்குக்கு நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ கொள்க. வண்ணம் தீட்டாத கோட்டுருவம்.

——

புனைந்த கட்டடத்துக்குப் புனையா ஓவியமா! மாணவர் பாவம் ஐயா. மேலும் கரிக்கோட்டுப் படமும் புனையா ஓவியம்தான். செம்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு, அதில் ஊசிக் கீறல், அப்புறம் அமிலக் குளியல். இந்த வேலை சொல்லில் தெரிய வேண்டாமா? ‘அமிலக்கீறல் படம்’.

——

வேர்ச்சொல்லை யாரும் பார்க்கவில்லையே. இத்தாலியனில் ‘காப்போ’ தலை, ‘ரிச்சோ’ முள்ளெலி. தலைமயிர் முள்ளெலிபோல் குத்திட்டு நிற்பது! நம் மயிர்க்கூச்செறிதலேதான். பின்னால் ‘காப்ரா’, அதாவது ஆடு, உள்ளே புகுந்து துள்ளல் பொருளைத் தந்தது என்பார்கள். ஆடு என்றால் தமிழிலும் கூத்தாடு. ஆகவே ‘கூச்சித்திரம்’ அல்லது ‘ஆடுசித்திரம்’...

——

ஆட்டைத் தயவுசெய்து தொழுவத்தில் கட்டுங்கள். நாளை வியாழன்.

——

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கட்டடமா, கட்டிடமா? கட்டும் இடம் கட்டிடம்; கட்டி முடித்தது கட்டடம். கற்பனையில் வரைந்ததைப் பிரனேசி கட்டி முடிக்கவில்லை.

——

அனைவருக்கும் நன்றி. ‘கற்பனைக் கட்டடக் காட்சி’யே போகிறது, முதல் இடத்தில் மட்டும் ‘காப்ரிச்சோ’வும் சேர்த்து. நான்கு பேர் சரி என்றார்கள், இருவர் களைத்துப்போய். ‘அமிலக்கீறல் படம்’ ஏற்றுக்கொண்டேன்.

——

‘கற்பனை’ வடசொல். நூல் மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுகிறேன்.